நீலக் கட்டத்துக்குள் யாவோர் கர்ஜிலோவ்

தான் இறந்துவிட்ட செய்தியை யாவோர் கர்ஜிலோவ், தான் குடியிருக்கும் கட்டடத்தின் வாசற்கதவில் படித்துத் தெரிந்துகொண்டான். வெள்ளிக்கிழமை காலை. ஒரு கையில் எண்ணெய் ஊறிய காகிதத்தில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பனித்ஸா, இன்னொரு கையில் போஸா பானம் இருந்த பாட்டில். இரண்டு கையும் நிறைந்திருந்தால் கதவைத் தோளால் தள்ளித் திறப்பது அவன் வழக்கம். தள்ளப்போனவனுக்கு எதிரே அவன் முகமே சிரித்துக்கொண்டிருந்தது.

முதலில் தோன்றியது, படம் நன்றாக வந்திருக்கிறது என்பது. அடுத்துத் தோன்றியது, பெயருக்கும் கட்டத்துக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் வெள்ளை விட்டிருக்கலாம் என்பது. செத்துப்போனது மூன்றாவதாகத்தான் உறைத்தது. இந்த வரிசையை நினைத்து அவன் பிற்பாடு வெட்கப்பட்டதுண்டு. ஆனால் யாரிடம் சொன்னாலும் வரிசையை மாற்றிச் சொன்னதில்லை.

"அளவில்லாத துயரத்துடன் அறிவிக்கிறோம். எங்கள் அன்புக்குரிய யாவோர் கர்ஜிலோவ் நம்மைவிட்டுப் பிரிந்தார். இப்படிக்கு, துயருறுவோர்." சுற்றிலும் நீலக் கட்டம்.

பிளோவ்திவ் நகரத்தில் யார் போனாலும் தாள் ஒட்டிவிடுவார்கள். வாசற்கதவில், பஸ் நிறுத்தத்தில், மரத்தில், விளக்குக் கம்பத்தில். போன அன்றைக்கு ஒன்று, நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, அப்புறம் வருடாவருடம். அடுத்த மாடியில் இருப்பவரின் முகம் நினைவில்லாத ஆளுக்குக்கூட, எட்டு வருடம் முன்னால் செத்தவரின் முகம் நன்றாகத் தெரியும். கட்டம் பொதுவாகக் கறுப்பு. முஸ்லிம் வீட்டுச் சாவென்றால் பச்சை. கல்யாணம் ஆகாமல் இளவயதில் போனவர்களுக்கு நீலம். யாவோருக்கு வயது முப்பத்தொன்பது, உச்சந்தலை வெயிலில் பளபளக்கும்.

இது எந்த விரோதி செய்த வேலையும் இல்லை. தாளை வடிவமைத்தவன் அவன், அனுப்பியவன் அவன், செத்தவனும் அவனே. ஒரு வேலையை இவ்வளவு முழுமையாக அவன் அதுவரை முடித்துக் கொடுத்ததில்லை.

யாவோரின் தொழில், மக்கள் தொடும் திரைகளை எளிமையாக்குவது. பட்டன் எங்கே இருக்க வேண்டும், எத்தனை இருக்க வேண்டும், எந்தக் கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடலாம் என்று யோசித்துக் காசு வாங்குவது. ஒரு மருந்துக்கடையில் டோக்கன் கொடுக்கும் இயந்திரத்தில் அவன் பெயர் எடுத்தான். அதில் முதலில் நாலு பட்டன் இருந்தன: மருந்துச்சீட்டு உள்ளவர், இல்லாதவர், குழந்தையோடு வந்தவர், மற்றவர். தாத்தாக்கள் அதன் முன்னால் நின்று தாங்கள் யார் என்று யோசித்துக்கொண்டே இருந்தார்கள். யாவோர் அதை ஒரே பட்டன் ஆக்கினான். வரிசை ஓடியது. அதற்குப் பிறகு கவுண்டரில் இருந்த பெண்கள் ஒவ்வொருவரிடமும் அதே நாலு கேள்வியை வாயால் கேட்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை. வேலை குறையவில்லை, இடம் மாறியது. இடம் மாறியதைக் குறைந்ததாகக் காட்டுவதுதான் தன் தொழில் என்று அவன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான். வாடிக்கையாளர்களிடம் சொல்ல மாட்டான்.

அவனுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அதற்குத் தத்துவம் என்று பெயர் வைத்திருந்தான். கேள்வி கேட்பது எதிராளியின் தலையில் பாரம் ஏற்றுவது, நல்ல வடிவமைப்பு எதையும் கேட்காது, தானே ஊகித்துக்கொள்ளும். கருத்தரங்குகளில் இதை அவன் விரிவாகப் பேசுவான், அதுவும் பதினெட்டுப் படங்களோடு. அதே ஆள் ஒரு ஜோடி செருப்பு வாங்க மூன்று கடை ஏறி இறங்கி, ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்து பழைய செருப்பையே போட்டுக்கொள்வான். சாப்பாட்டுக் கடையில் பட்டியலைப் படிக்காமலே எதிரில் இருப்பவரிடம் நீட்டிவிடுவான். உலகத்துக்கே முடிவெடுப்பதைச் சுலபமாக்கித் தருகிறவன், தனக்கு ஒரு முடிவு என்று வந்தால் மூச்சு முட்டிப்போவான்.

எதிரில் இருப்பவர் பெரும்பாலும் பில்யானா. கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். நாள் முழுக்க மனிதர்களிடம் கேள்வி கேட்டே பிழைக்கிறவள். கண்ணுக்கு முன்னால் ஒரு வில்லையைப் போட்டு, "இது தெளிவா இருக்கா?" என்பாள். மாற்றிப் போட்டு, "இல்ல, இது தெளிவா இருக்கா?" என்பாள். யாவோர் முதன்முதலாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது, "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு, உங்களுக்கு எது வசதியோ அதைப் போடுங்க" என்றான். அந்தப் பதிலுக்கு ஏற்ற கண்ணாடிதான் கிடைத்தது. போட்டுக்கொண்டு நடந்தால் தரை மேலே வந்தது. மறுபடி போனான், மறுபடியும் போனான். பழக்கம் அப்படித்தான் ஆயிற்று.

பதினோரு வருடமாக ஒரே வீடு. சேர்ந்து இருக்கலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. முதலில் அவளுடைய பல்துலக்கி வந்தது, அப்புறம் குளிர்காலக் கோட்டு, அப்புறம் தையல் இயந்திரம். தையல் இயந்திரம் வந்தபிறகு எந்தப் பெண்ணும் திரும்பிப் போவதில்லை என்று யாவோர் ஊகித்துக்கொண்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள், யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. பில்யானா நினைக்கிறாளா என்று யாவோருக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

போன வாரம் அவள்தான் கேட்டாள்.

"வார்னாவுல புதுசா கடை திறக்கறாங்க. பொறுப்பை என்கிட்ட குடுக்கறேங்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நீ என்ன சொல்றே?"

வார்னா இருப்பது நாட்டின் மறுகோடியில், கடற்கரையில். போனால் சனி ஞாயிறு வந்து போகிற தூரம் இல்லை. போகாதே என்று யாவோரின் நெஞ்சில் ஒன்று முட்டியது. ஆனால் அதைச் சொன்னால் அவள் தலையில் பாரம் ஏற்றுவதாகிவிடும் அல்லவா?

"உனக்கு எது வசதியோ அப்படிச் செய், பில்யானா," என்றான். தன் பெருந்தன்மை அவனுக்கே பிடித்திருந்தது.

பில்யானா ஒரு பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டு, அசெனோவ்கிராதில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். "வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ல வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமைதான் இது. அவள் வருவதற்குள் சொல்வதற்கு ஏதாவது ஒன்றைத் தயார் செய்துகொள்ளலாம் என்றுதான் யாவோர் விடிந்ததும் எழுந்து, யோசிக்க வசதியாக இருக்கும் என்று ரொட்டிக் கடை வரிசையில் போய் நின்றான். அவன் வரிசையில் நின்ற நேரத்தில் யாரோ வந்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. ஸ்தாமெனின் ஆள் பேன்யோ.

ஸ்தாமென், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் சாவு நோட்டீஸ் அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். தொழிலுக்குப் பொருத்தமில்லாமல் சிவந்த கன்னமும் பலத்த சிரிப்பும் உள்ளவர். வசந்தத்தில் யாவோரைக் கூப்பிட்டு, "தம்பி, ஜனங்க வீட்ல இருந்தபடியே ஃபோன்ல அனுப்பற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு" என்றார். யாவோர் ஒரு நாள் முழுக்கக் கடையின் மூலையில் உட்கார்ந்து கவனித்தான். மனைவியை இழந்த ஒருவர் வந்தார். ஸ்தாமென் கேட்டுக்கொண்டே போனார்: எந்தப் படம்? சிலுவை வேணுமா? கவிதை வேணுமா? எத்தனை தாள்? எங்கெங்கே ஒட்டணும்? அந்த மனிதர் கல்லைப்போல எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில், "யார் யார் பேர் போடணும்?" என்றதும், "நான், என் பொண்ணு, என் தம்பி..." என்று ஆரம்பித்தவர், அப்படியே மேஜையில் கவிழ்ந்து அழுதுவிட்டார்.

யாவோருக்கும் கண் கலங்கியது. அது பொய்யில்லை. அந்த மனிதரை அழவைத்தது அந்தக் கேள்விதான் என்று அவன் முடிவு செய்தான். வீட்டுக்குப் போய்ப் பேனாவை எடுத்து, கேள்விகளை ஒவ்வொன்றாக வெட்டினான். கவிதை போயிற்று. எத்தனை தாள் என்பது போயிற்று. எங்கே ஒட்டுவது என்பதைப் பேன்யோவின் மனசாட்சிக்கே விட்டான். யார் யார் பேர் என்பதற்குப் பதிலாக 'துயருறுவோர்' என்று ஒரே வார்த்தை. யாரையும் விடவில்லை, யாரையும் சேர்க்கவும் இல்லை. மிஞ்சியது, இறந்தவர் பெயர், முகவரி, படம். அதற்குக் கீழே, கட்டாயமில்லாத ஒரு சின்ன இடம்: கணவர் அல்லது மனைவி பெயர். அதில் பெயர் இருந்தால் கட்டம் கறுப்பு, காலியாக இருந்தால் நீலம். வயதைக்கூடக் கேட்கவில்லை. நாற்பதாம் நாள் தாளும் ஆறாம் மாதத் தாளும் நாள் வந்ததும் தானே அச்சாகிவிடும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பட்டன்.

"உறுதியா அனுப்பலாமான்னு ஒரு தடவை கேட்டுக்கலாமே தம்பி?" என்றார் ஸ்தாமென்.

"என்னன்னு கேக்கறது அண்ணே? 'உறுதியா செத்துட்டாரா'ன்னா?"

ஸ்தாமெனுக்குச் சங்கடமாகிவிட்டது. "அது சரி, அது மரியாதை இல்ல" என்று ஒத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ராத்திரி, கடைசியாக ஒரு தடவை சரிபார்க்க யாவோர் உட்கார்ந்தான். யார் பெயரைப் போட்டாலும் அபசகுனம் என்பதால் தன் பெயரையே போட்டான். படத்துக்கு, போன கோடையில் கடற்கரையில் பில்யானா எடுத்தது. அவன் ஒழுங்காகச் சிரித்த ஒரே படம் அது. கணவர் அல்லது மனைவி என்ற இடத்தை விரல் தாண்டிப் போயிற்று. பட்டனை அமுக்கினான். எவ்வளவு லகுவாகப் போகிறது என்று இரண்டு தடவை அமுக்கிப் பார்த்து மகிழ்ந்தான். சோதனைப் பக்கத்தின் மேலே முன்பு சிவப்பாக ஒரு பட்டை இருந்தது, 'இது சோதனை' என்று. கண்ணை உறுத்துகிறது என்று அவன்தான் அதை எடுத்திருந்தான். பட்டை இல்லாத சோதனைப் பக்கமும் நிஜப் பக்கமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. அவன் அமுக்கியது நிஜப் பக்கத்தில்.

இப்போது வாசலில் நின்ற யாவோர் பனித்ஸாவைத் தபால் பெட்டிகளின் மேல் வைத்துவிட்டு, ஸ்தாமெனுக்கு ஃபோன் போட்டான்.

"தம்பி! என்னமா வேலை செய்யுது!" என்றது அந்தப் பக்கம். "ராத்திரி வந்தது, தானா அச்சாகி நிக்குது. விடியக்காலைல பேன்யோ எடுத்துட்டுப் போய் ஒட்டியும் ஆச்சு. நான் படிக்கக்கூட இல்ல."

"படிச்சிருக்கணும் அண்ணே."

"நீதானே சொன்னே, இனிமே யாரும் எதையும் படிக்க வேண்டியதில்லைன்னு."

"அண்ணே, ராத்திரி அனுப்பினது நான்."

"நீயா? யாரு போனது? உங்கப்பாவா? அடடா..."

"நான் அண்ணே. போனது நான்தான்."

ஸ்தாமென் அச்சு இயந்திரத்துப் பக்கம் நடந்து போவதும், "ஐயோ, ஆமா!" என்பதும் கேட்டது. அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பு ஒரு நோட்டீஸ் கடைக்காரர் சிரிக்கக் கூடாதது.

"எங்கெல்லாம் ஒட்டியிருக்கார்னு சொல்லுங்க, போய் எடுத்துடறேன்."

"அதை எப்படிச் சொல்றது? பேன்யோ அவன் மனசுக்குத் தோணின இடத்துல ஒட்டுவான். அவன் ஃபோனையும் எடுக்க மாட்டான், ஏணி மேல இருப்பான். ரெட்டையா வேற வந்திருக்கு, நிறையவே ஒட்டியிருப்பான். அது போகட்டும், உன் நாப்பதாம் நாள் தாள் இங்க வரிசைல நிக்குதே, இதை எப்படி நிறுத்தறது?"

யாவோர் யோசித்துப் பார்த்தான். நிறுத்துவதற்கு அவன் ஒன்றும் வைக்கவில்லை. செத்தவர்கள் மனம் மாறுவார்கள் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஃபோனைப் பிடித்துக்கொண்டே கதவில் இருந்த தாளை நகத்தால் சுரண்டினான். பேன்யோவின் பசை லேசுப்பட்டதில்லை. மழைக்கும் பனிக்கும் தாங்கும் பசை. சத்தம் கேட்டுத் தரைத்தளத்துக் கதவு திறந்தது. கினா அக்கா எட்டிப் பார்த்தாள். கட்டடத்துக் கணக்கு வழக்கு, லிஃப்ட், குழாய் எல்லாம் அவள் பொறுப்பு. யாவோரைப் பார்த்ததும் மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டாள்.

"நான்தான் அக்கா. செத்துப் போகலை."

"கையைத் தொட்டுக் காட்டு."

தொட்டுக் காட்டினான். கினா அக்கா ஒரு பெருமூச்சு விட்டு, அடுத்த மூச்சிலேயே திட்ட ஆரம்பித்தாள். "என்ன மாதிரி ஆளுப்பா நீ! மணி அடிச்சேன், கதவைத் தட்டினேன், சத்தமே இல்ல. நெஞ்சு வலியில போயிட்டான்னு மூணாவது மாடியில சொல்லிட்டேன். கோதுமை ஊறப் போட்டுட்டேன் உனக்குப் படைக்கறதுக்கு. வாழும்போது நல்லவன்னு நாலு வார்த்தையும் சொல்லி முடிச்சாச்சு."

யாவோருக்கு ஆசையை அடக்க முடியவில்லை. "என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது? நல்ல பையன், யாருக்கும் தொந்தரவு குடுக்க மாட்டான், ஒண்ணும் கேக்க மாட்டான்னேன். நாலாவது மாடி தொதர், 'ஆமா, ஒண்ணும் சொல்லவும் மாட்டான்'னார். அதுக்கு மேல யாருக்கும் ஒண்ணும் தோணலை. அப்படியே நின்னோம்."

செத்த மனிதனுக்கு இவ்வளவு குறைவான வாசகம் போதும் என்பதுதான் யாவோரின் கொள்கை. தனக்கு என்று வரும்போது அது ரொம்பக் குறைச்சலாகப் பட்டது.

"பில்யானாவுக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன்," என்றாள் கினா அக்கா, குரலைத் தாழ்த்தி.

யாவோரின் கை நின்றது.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. கட் பண்ணிட்டா. நீ முதல்ல அவளைக் கூப்பிட்டு உயிரோட இருக்கேன்னு சொல்லு. ஆனா ஒண்ணு, இந்தத் தாளை மட்டும் அவ கண்ணுல காட்டிடாதே. பதினோரு வருஷம் உன்கூட இருந்தவ பேர் இதுல எங்க இருக்கு? இதுல நீலக் கட்டம் வேற, கன்னிப் பையன் மாதிரி! செத்ததை அவ மன்னிப்பா. இதை மன்னிப்பாளா?"

யாவோர் பில்யானாவைக் கூப்பிட்டான். லைன் பிஸி. மறுபடி கூப்பிட்டான், பிஸி. அவள் அவனைக் கூப்பிட, அவன் அவளைக் கூப்பிட, இருவருக்கும் பிஸி. செய்தி அனுப்பலாம் என்று உட்கார்ந்தான். "அன்புள்ள பில்யானா, பயப்படாதே, ஒரு தவறு நடந்துவிட்டது" என்று ஆரம்பித்து நீளமாக எழுதினான். பிறகு தொழில் புத்தி வந்து, தேவையில்லாததை வெட்டினான். இன்னும் வெட்டினான். கடைசியில் அனுப்பியது: "இறக்கவில்லை."

மத்தியான பஸ் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு, கினா அக்காவிடம் ஒரு சுரண்டியைக் கடன் வாங்கி ஓடினான். ரொட்டிக் கடை முன்னால் லிண்டன் மரத்தில் ஒன்று. அங்கேதான் காலையில் வரிசையில் நின்றான், அப்போது இது இல்லை. இப்போது அவனுக்கு ரொட்டி கொடுத்த பெண்ணே அந்தத் தாளின் முன்னால் கைகட்டி நின்றிருந்தாள். அவனைத் திரும்பிப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விளக்குக் கம்பத்தில் ஒன்று. குப்பைத் தொட்டிச் சுவரில் ஒன்று. 'இங்கே விளம்பரம் ஒட்டாதீர்' என்ற பலகையின் மேலேயே ஒன்று. பேன்யோவின் மனசாட்சி விசாலமானதாக இருந்தது. ஒவ்வொன்றையும் சுரண்டும்போது, ஸ்தாமெனின் மேஜையில் கவிழ்ந்து அழுத அந்த மனிதர் யாவோரின் நினைவில் வந்துகொண்டே இருந்தார். அவர் அந்தக் கேள்விக்காகத்தான் கடைவரை நடந்து வந்தாரோ என்னவோ. நான், என் பொண்ணு, என் தம்பி. அதைச் சொல்ல அவருக்கு வேறு இடம் இருந்திருக்காது. அந்த இடத்தைத்தான் யாவோர் ஒரு பேனாக் கோட்டால் மிச்சப்படுத்தினான்.

கடைசியில் பஸ் நிறுத்தம். கண்ணாடித் தடுப்பில் இரண்டு தாள், அருகருகே. ஒன்றைக் கிழிக்கத் தொடங்கியதுமே பெஞ்சிலிருந்து அதட்டல் வந்தது.

"ஏய்! செத்தவங்க தாளைக் கிழிக்கறியே, உனக்குக் கை விளங்குமா?"

மடியில் கூடையோடு ஒரு அம்மாள். தாளைக் கிழிப்பதில்லை. காற்றும் மழையும்தான் அதைச் செய்யும். இது யாவோருக்கும் தெரியும்.

"இது நான்தான் அம்மா. பாருங்க."

அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "பொய் சொல்லாதே. இந்தப் புள்ள எவ்வளவு களையா இருக்கு."

"படம் எடுத்தவங்க நல்லா எடுத்திருக்காங்க."

"அப்ப எடுத்தவங்களுக்காவது மரியாதை குடு. கிழிக்காதே."

யாவோர் ஒன்றை மட்டும் ஒருவழியாக எடுத்தான். இரண்டாவதில் நெற்றியும் ஒரு கண்ணும் போயிருந்தன, மீதி போக மறுத்தது. அப்போதுதான் நிறுத்தத்தை ஒட்டி ஒரு மஞ்சள் டாக்ஸி சரக்கென்று வந்து நின்றது. அந்தச் செய்தி கேட்ட எந்தப் பெண்ணுக்கும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பொறுமை இருக்காது என்பதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

பில்யானா இறங்கி வந்து, கைப்பையால் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு இன்னொன்று. பிறகு அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெற்றியை அவன் நெஞ்சில் வைத்தபடி நின்றாள்.

டாக்ஸிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அம்மா, இவர்தான் செத்தவரா?"

"இவனேதான்."

"நல்லாத்தானே இருக்கார்."

"இன்னும் கொஞ்ச நேரம்தான் இருப்பான்," என்றாள் பில்யானா. முகத்தை நிமிர்த்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன் ஃபோன் பிஸியா இருந்துச்சு. அப்பதான் எனக்கு மூச்சு வந்துது. அப்புறம் நினைச்சேன், போலீஸ்காரங்ககூட உன் ஃபோனை எடுத்துப் பேசிட்டு இருக்கலாமேன்னு. பாதி வழியில 'இறக்கவில்லை'ன்னு ஒரு செய்தி வருது. அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை கிடையாது. அதைப் பாத்ததும்தான் நம்பினேன். இப்படி வேற எவன் அனுப்புவான்?"

யாவோர் மெதுவாகப் பின்னால் நகர்ந்து, தன் முதுகால் கண்ணாடித் தடுப்பை மறைத்தான்.

"நகரு."

"பசை காயலை. உன் கைல ஒட்டும்."

"யாவோர், நகரு."

நகர்ந்தான். சட்டையின் முதுகில் கொஞ்சம் தாள் ஒட்டிக்கொண்டு வந்தது. பில்யானா குனிந்து, தன் கடைக்கு வருகிறவர்கள் சின்ன எழுத்துப் பலகையைப் படிப்பது போல ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"துயருறுவோர்னா யாரு?"

"பொதுவா... எல்லாரும்."

"நானுமா?"

"நீயும்தான்."

"பேர் சொல்ற அளவுக்கு இல்ல."

"அது தானா வர்ற வரி, பில்யானா. எல்லாருக்கும் அதேதான் வரும்."

"நீலம்?"

"மனைவி பேர் எழுத ஒரு இடம் இருந்துச்சு. கட்டாயம் இல்லாத இடம். நான் அதைக் காலியா விட்டுட்டேன். சும்மா சோதனைக்குத்தானேன்னு."

"சோதனைக்குத்தானே உன் நிஜப் பேரைப் போட்டே? நம்ம வீட்டைப் போட்டே? நான் எடுத்த படத்தைப் போட்டே?"

பெஞ்சில் இருந்த அம்மாள் "அப்படிக் கேளு" என்றாள். இத்தனை வருடமாக யாவோர் எல்லோருக்கும் சொல்லிவந்தது, ஆட்கள் எந்த இடத்தைத் தாண்டிப் போகிறார்களோ அது அவர்களுக்குத் தேவையில்லாத இடம் என்பது. அதைப் பதினெட்டாவது படமாக வைத்திருந்தான்.

"காலைலயே வார்னாவுக்கு ஃபோன் பண்ணிச் சரின்னு சொல்லிட்டேன்," என்றாள் பில்யானா. "கினா அக்கா கூப்பிடறதுக்கு முன்னாடியே. அடுத்த மாசம் பொறுப்பு எடுத்துக்கணும்."

யாவோர் வாயைத் திறந்தான். "உனக்கு எது..." என்று அந்த வாக்கியம் தானாகவே கிளம்பி வந்தது. பாதியில் அவன் பல்லைக் கடித்து நிறுத்தினான். கையில் கினா அக்காவின் சுரண்டி, முதுகில் தன் சாவுத் தாளின் ஒரு துண்டு. இதைவிட மோசமான கோலத்தில் ஒருவன் எதையும் கேட்டிருக்க மாட்டான்.

"நீ போறது எனக்குப் பிடிக்கலை," என்றான். "அதை அன்னைக்கே சொல்லியிருக்கணும். இப்ப போகாதேன்னு சொல்ல மாட்டேன், அந்த நேரம் போயிடுச்சு." மூச்சு வாங்கிக்கொண்டான். "நானும் வரட்டுமா?"

ஒரு பஸ் வந்தது. அம்மாள் ஏறவில்லை. பஸ் போயிற்று. கேட்டுவிட்டுக் காத்திருப்பது இவ்வளவு கனமானது என்று யாவோருக்குத் தெரிந்திருக்கவில்லை. எதிராளியின் தலையில் ஏற்றிவிடுவதாக அவன் நினைத்திருந்த பாரம், கேட்டவன் தலையில்தான் இருந்தது. இத்தனை வருடம் அவன் மிச்சப்படுத்திக் கொடுத்ததெல்லாம் தனக்குத்தானோ என்று ஒரு சந்தேகம் வந்து, காது சிவந்தது.

"அங்க கிடைக்கிற வீடு ரெண்டு ரூம்தான்," என்றாள் பில்யானா கடைசியில். "உன் பெரிய மேஜை அதுக்குள்ள நுழையாது."

"மேஜை இங்கயே இருக்கட்டும்."

"குளிர்காலத்துல கடல் காத்து ஜன்னலைப் போட்டு உலுக்கும். உனக்குத் தூக்கமே வராது."

"வராட்டிப் போகுது."

"வந்துட்டு, எனக்காகத்தான் வந்தேன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காரக் கூடாது."

"மாட்டேன்." கொஞ்சம் யோசித்தான். "ஒரு நாள் ரெண்டு நாள் வச்சுப்பேன்."

அவள் உதட்டோரம் ஏதோ ஒன்று அசைந்தது. சிரிப்பு என்று அடித்துச் சொல்ல முடியாது.

டாக்ஸிக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் கிளம்பட்டுமா, இல்ல..." என்றார்.

"இருங்க, திரும்ப அசெனோவ்கிராதுக்குப் போகணும்," என்றாள் பில்யானா. பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, மறுஓரம்வரை நகர்ந்து உட்கார்ந்தாள். "ஏறு, யாவோர். எங்கம்மாவும் எங்கக்கா வீட்லதான் இருக்காங்க. கினா அக்கா ஃபோன் வந்ததுல இருந்து உனக்காக அழுதுட்டு இருக்காங்க. உன்னை நேர்ல பாத்தாத்தான் நம்புவாங்க."

"இந்தச் சட்டையோடயா?"

"அதோடதான். நீ உயிரோட இருக்கேங்கறதை நான் சொல்லிக்கறேன். மீதியை நீதான் சொல்லணும்."

யாவோர் சுரண்டியைப் பெஞ்சில் இருந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு ஏறினான். கதவைச் சாத்தியதும் கேட்டான்: "மீதின்னா என்ன?"

"அதை நான் எழுதிக் குடுக்க மாட்டேன்," என்றாள் பில்யானா. "யோசி. அரைமணி நேரப் பயணம் இருக்கு."

டாக்ஸி திரும்பியது. யாவோர் அடுத்த தெருமுனை வருவதற்குள்ளேயே மெதுவாக, மனதுக்குள், சொல்லிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். வாக்கியம் நீளமாக வந்தது, அதில் பில்யானாவின் பெயரும் இருந்தது. ஒரு வார்த்தையையும் வெட்டவில்லை.